ஆணி இல்லாத மேஜையும் அம்மாவின் தேங்காய் நாரும்

விஜயதசமி அன்னைக்குக் காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்துச்சு. பன்னிரண்டு மரக்கட்டையை ஒண்ணோட ஒண்ணு சொருகி, ஒரு மேஜைக்கு அடிப்பாகம் செஞ்சு முடிக்கணும்.

அரை மணி நேர வேலை. வீட்டுல அப்படித்தான் சொல்லி வெச்சிருந்தேன்.

நம்ம பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவங்களுக்கு இந்த மேஜையைப் பத்தித் தெரியும். ஒரு மாசமா தினம் ஒரு போட்டோ போட்டு உங்க உயிரை வாங்கினேன். புதுசா வந்தவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன்.

என் மனைவி விஜி, மேற்கு தாம்பரத்துல எங்க வீட்டு முன் ரூம்லயே ப்ளவுஸ் தைக்கிறா. தைக்க மிஷின் இருக்கு, உக்கார ஸ்டூல் இருக்கு. துணி வெட்டறது மட்டும் தரையில. பாயை விரிச்சு, முட்டி போட்டு, குனிஞ்சு, தீபாவளி சீசன்ல காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதே நிலைதான். போன வருஷமே முட்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சிடுச்சு. எந்திரிக்கும்போது மிஷினைப் புடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நின்னுதான் நடப்பா. குரோம்பேட்டை டாக்டர், "தரையில உக்காராதீங்கம்மா"ன்னு மூணு தடவை சொல்லிட்டார்.

அதனால அவளே ஆன்லைன்ல ஒரு மேஜையைப் பார்த்து வெச்சிருந்தா. நாலு இரும்புக் கால், மேல ஒரு பலகை, மடக்கி வெச்சுக்கலாம். ஆர்டர் போட வேண்டியது ஒண்ணுதான் பாக்கி.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தா இந்தப் போஸ்ட் கிடையாது.

"இதெல்லாம் ஆறு மாசத்துல ஆடும் விஜி. நான் செஞ்சு தரேன். நல்ல தேக்குல. ஆணி இல்லாம, ஸ்க்ரூ இல்லாம, அந்தக் காலத்து முறையில. நூறு வருஷம் அசையாது!"

"நீங்களா?"

கல்யாணமாகி பதினோரு வருஷம். அத்தனை வருஷத்தையும் அந்த ஒரே வார்த்தையில அடக்கிட்டா.

என் தொழிலைப் பத்தி ஒரு வார்த்தை. சாஃப்ட்வேர் டெஸ்டர். மத்தவங்க செஞ்சதுல என்ன தப்புன்னு கண்டுபிடிச்சு சொல்றதுதான் என் பொழப்பு. சொந்தமா ஒரு பொருளை செஞ்சு பழக்கம் இல்ல. ஆனா மரவேலை வீடியோ பார்த்த பழக்கம் நிறைய இருக்கு.

விஜி போனைக் கீழ வெச்சா.

"சரி. விஜயதசமி அன்னைக்கு நல்ல நேரத்துல முதல் துணியைப் புது மேஜையில வெட்டணும். பத்மா டீச்சர் கிட்ட சொல்லப் போறேன், அவங்க பட்டு ப்ளவுஸ்தான் முதல். அன்னைக்கு மேஜை நிக்கலன்னா அதுக்கப்புறம் ஆர்டர் போட்டாலும் தீபாவளிக்குள்ள வராது. சீசன் மொத்தமும் நான் திரும்பத் தரையிலதான். நல்லா யோசிச்சு சொல்லுங்க."

நான் யோசிக்கல. சொல்லிட்டேன்.

மரம் வாங்க பம்மல் போனேன். அங்க பழைய வீடு இடிச்ச கதவு, ஜன்னல், நிலை எல்லாம் அடுக்கி வெச்சு விக்கிற பாய் ஒருத்தர் இருக்கார். காதுல பென்சில், வாயில பாக்கு. என்னைப் பார்த்ததுமே இந்த ஆள் எந்த ரகம்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு நினைக்கிறேன்.

"இன்னா சார் வேணும்?"

"பழைய தேக்கு நிலை, பாய். மேஜைக்கு அடிப்பாகம் செய்யணும்."

"ஆசாரி யாரு?"

"நான்தான்."

பாக்கை ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளினார்.

"ஆணி எவ்ளோ சைஸ் போடப் போற?"

"ஆணி கிடையாது, பாய்."

"ஸ்க்ரூவா?"

"அதுவும் இல்ல."

"பசை?"

"ஊஹூம்."

"அப்போ மேஜையும் கெடையாதுன்னு சொல்லு!"

பக்கத்துல மரம் இறக்கிக்கிட்டிருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது. ஆனா பாய் நல்ல மனுஷன். இருக்கறதுலயே நல்ல காய்ஞ்ச கட்டையாப் பொறுக்கி எடுத்து, பக்கத்து மில்லுல என் அளவுக்கு அறுத்தும் குடுத்தார். மூணு அடில நாலு கால். நீளமா நாலு சட்டம், குட்டையா நாலு சட்டம். மொத்தம் பன்னிரண்டு.

அதை ஷேர் ஆட்டோவுல ஏத்தினேன். அதைப் பத்தி விரிவா சொல்ல வேணாம். நீளக் கட்டையோட நுனி பல்லாவரம் வரைக்கும் ஒரு அம்மாவோட பூக்கூடைக்குள்ளயே இருந்துச்சு. அவங்க இறங்கும்போது ஒரு முழம் மல்லி கட்டையிலயே வந்துடுச்சு.

"இன்னா சார், வூடு கட்டிகினு கீறியா?"ன்னு டிரைவர் கேட்டார்.

"இல்லண்ணா, மேஜை."

"ரெடிமேட்ல கெடைக்குதே சார்."

இதை எனக்கு சொன்ன ரெண்டாவது ஆள் அவர். முதல் ஆள் விஜி.

இப்ப அந்தக் காலத்து முறைன்னா என்னன்னு சொல்லிடறேன். ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல. காலுல ஒரு குழி. சட்டத்தோட நுனியில ஒரு நாக்கு. நாக்கு குழிக்குள்ள நுழைஞ்சு மறுபக்கம் லேசா எட்டிப் பார்க்கும். அதோட நுனியைப் பிளந்து சின்னதா ஒரு ஆப்பு அடிச்சா நாக்கு விரிஞ்சுக்கும். அப்புறம் யானை வந்தாலும் கழலாது. ஒரு காலுக்கு நாலு குழி, ஒரு சட்டத்துக்கு ரெண்டு நாக்கு. மொத்தம் பதினாறு குழி, பதினாறு நாக்கு.

வீடியோவுல ஒருத்தர் ஒரு குழியை ஏழு நிமிஷத்துல வெட்டினார். எனக்கு முதல் குழி ஒரு ஞாயித்துக்கிழமை. முழு ஞாயித்துக்கிழமை!

மொட்டை மாடியில உக்காந்து உளியை வெச்சு கொட்டாப்புளியால, அதாவது மரச் சுத்தியலால தட்டினா, உளி மரத்தைத் தவிர எல்லாத்தையும் வெட்டுச்சு. உக்காந்திருந்த பாயை வெட்டுச்சு, செருப்பை வெட்டுச்சு, இடது கட்டை விரலை ரெண்டு தடவை வெட்டுச்சு. வீட்டுலேர்ந்து வேலை பார்த்த நாள்ல ஆபீஸ் மீட்டிங்ல ஒரு காதை வெச்சுக்கிட்டே தட்டினேன். "உங்க பக்கம் என்ன சத்தம்?"னு மேனேஜர் கேட்டார். பக்கத்துல வீடு கட்டறாங்கன்னு சொன்னேன். மழைக்காலத்துல யார் கட்டறதுன்னு அவர் கேக்கல.

குழி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சைஸ்ல வந்துச்சு. ஒண்ணு அகலம், ஒண்ணு ஒடுக்கம், ஒண்ணு நாலு மூலையும் நாலு திசை பார்க்கும். "கைவினைன்னா அப்படித்தான், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனித்தன்மை உண்டு"ன்னு உங்களுக்கு ஒரு போஸ்ட் போட்டேன். ஞாபகம் இருக்கா? முன்னூறு பேர் லைக் போட்டீங்க. உண்மை என்னன்னா எனக்கு நேரா வெட்ட வரல.

அதனால ஒரு வழி கண்டுபிடிச்சேன். குழி எப்படி வந்துச்சோ, அதுக்குத் தகுந்த மாதிரி நாக்கை செதுக்கிட்டேன். இந்தக் குழிக்கு இந்த நாக்கு மட்டும்தான் போகும், வேற எதுவும் போகாது. குழப்பம் வரக் கூடாதுன்னு ஒவ்வொரு ஜோடிக்கும் பென்சில்ல நம்பர் போட்டேன். குழி பக்கத்துல ஒண்ணு, நாக்கு மேல ஒண்ணு. இப்படிப் பதினாறு வரைக்கும். டெஸ்டர் மூளை எப்படி வேலை செய்யுது பாருங்கன்னு எனக்கே பெருமையா இருந்துச்சு.

விஜயதசமிக்கு ரெண்டு நாள் முன்னாடி, செவ்வாய்க்கிழமை காலையில மாடியிலயே எல்லாத்தையும் சொருகிப் பார்த்தேன். நம்பர் பார்த்து சொருகினா பதினாறும் கச்சிதம். மேஜையோட அடிப்பாகம் நாலு கால்ல ஜம்முனு நின்னுச்சு! ஏறி நின்னேன். குதிச்சேன். அசையல. ஆப்பு மட்டும் அடிச்சா முடிஞ்சது.

கொட்டாப்புளியைத் தூக்கினேன். அம்மா மாடிக்கு வந்தாங்க.

"என்னடா பண்ற? இன்னைக்கு அஷ்டமி."

"ஆப்பு அடிச்சா முடிஞ்சுதும்மா."

"அஷ்டமியில யாராவது ஒரு வேலையை முடிப்பாங்களா? நாளைக்கு நவமி, நாளைக்கும் வேணாம். நாளன்னைக்கு தசமி, விஜயதசமி! அன்னைக்கு அடி. அவளும் அன்னைக்குத்தானே துணி வெட்டறா?"

யோசிச்சுப் பார்த்தா சரின்னுதான் பட்டுச்சு. சொருகி வெச்சா மாடிப்படியில இறக்கவும் முடியாது. கழட்டி, பன்னிரண்டு கட்டையையும் மாடிப்படி ஓரமா அடுக்கி வெச்சுட்டுக் கீழ வந்தேன். நம்பர்தான் இருக்கே, கவலை எதுக்கு!

புதன்கிழமை ஆயுத பூஜை. எங்க ஆபீஸ்ல லீவு கிடையாது. வெளிநாட்டுக் கஸ்டமருக்கு சரஸ்வதி யாருன்னு தெரியாது. போய் மானிட்டருக்குப் பொட்டு வெச்சு, பொரி பாக்கெட் வாங்கிட்டு, சாயங்காலம் ட்ரெயின் புடிச்சு தாம்பரம் வந்து சேர்ந்தேன். வீட்டு வாசல்ல ஸ்கூட்டருக்கு மாலை, விபூதிப் பட்டை, பொட்டு. உள்ள சாம்பிராணி வாசனை, சுண்டல் வாசனை. மனசு நிறைஞ்சு போச்சு.

சாமி முன்னாடி போய் நின்னேன்.

வாழையிலை மேல விஜியோட கத்தரிக்கோல், ஸ்கேல், இஞ்ச் டேப். பக்கத்துல மிக்ஸி. என் உளி, கொட்டாப்புளி, ரம்பம். அதுக்குப் பின்னாடி, சுவரோரமா வரிசையா, பன்னிரண்டு கட்டையும்.

எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் மூணு விபூதிப் பட்டை, நடுவுல சந்தனம், அதுக்கு மேல குங்குமம்.

பளபளன்னு ஏன் இருக்கு?

"அம்மா... இதைத் துடைச்சீங்களா?"

"துடைச்சேனா? கழுவினேன்டா! பூஜைக்கு வைக்கற சாமான் சுத்தமா இருக்க வேணாமா? என்னமா கிறுக்கி வெச்சிருந்த, ஒவ்வொரு கட்டையிலயும் பென்சில்! தேங்காய் நார் போட்டு, சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சு எடுத்தேன். கை விட்டுப் போச்சு. ஒண்ணு ரெண்டு போகவே மாட்டேன்னுச்சு. நான் விடல."

அம்மா முகத்துல அவ்வளவு சந்தோஷம். அந்த ஒண்ணு ரெண்டாவது மிச்சம் இருக்கக் கூடாதான்னு வேண்டிக்கிட்டே கிட்டக்கப் போய்ப் பார்த்தேன். அம்மா சொன்னா சொன்னதுதான். ஒரு நம்பர் கூட இல்ல.

கையை நீட்டினேன்.

"தொடாத! நாளைக்குக் காலையில பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும். கன்னத்துல போட்டுக்கோ."

போட்டுக்கிட்டேன். ரெண்டு பக்கமும் கொஞ்சம் பலமாவே போட்டுக்கிட்டேன்.

விஜி என் முகத்தைப் பார்த்துட்டு மெதுவா பக்கத்துல வந்தா. விஷயத்தை சொன்னேன்.

"அதுக்கு ஏன் இப்படி வேர்க்குது? போட்டோ எடுத்திருப்பீங்கல்ல? தினமும் எடுத்தீங்களே."

அட, ஆமா! போனை எடுத்தேன். ஒரு மாசத்துப் போட்டோ. நூத்துக்கும் மேல இருக்கும். ஒவ்வொண்ணா பெருசாக்கிப் பார்த்தோம்.

நான் உளியோட சிரிக்கிறேன். நான் ரம்பத்தோட தூரமா எங்கயோ பார்க்கிறேன். நான் நெத்தி வேர்வையைத் துடைக்கிறேன், இது மூணாவது டேக். நான் கட்டையை அணைச்சுக்கிட்டு நிக்கிறேன். நம்பர் போட்ட இடத்துல எல்லாம் என் கை, என் தோள், என் தாடை. ஒரே ஒரு போட்டோவுல ஒரு நம்பர் தெரிஞ்சுது. ஏழு. எந்தக் காலோட ஏழுன்னு தெரியல, ஏன்னா மிச்சத்தை என் மூக்கு மறைச்சிடுச்சு.

விஜி போனைத் திருப்பிக் குடுத்தா.

"மேஜையை எடுத்த போட்டோ ஒண்ணு கூட இல்லையா?"

எனக்கு நிஜமாவே வெக்கமா இருந்துச்சு. அவ முட்டி வலிக்காக ஆரம்பிச்ச வேலை. நடுவுல எங்கயோ அது எனக்காக ஆயிடுச்சு. அவ உள்ள போனா. போகும்போது சுவரைப் புடிச்சுக்கிட்டே போனா.

வியாழக்கிழமை. விஜயதசமி. நல்ல நேரம் பத்தே முக்காலிலேர்ந்து பதினொன்னே முக்கால் வரைக்கும்.

அம்மா சீக்கிரமாவே பூஜையை முடிச்சு எட்டு மணிக்குக் கட்டைகளை என் கையில ஒப்படைச்சாங்க. முன் ரூம்ல பரப்பினேன். முதல்ல குழிக்குள்ள இருந்த விபூதியைக் குச்சி விட்டு நோண்டி எடுத்தேன். அம்மா எந்த வேலையையும் அரைகுறையா செய்ய மாட்டாங்க, குழிக்குள்ளயும் பட்டை போட்டிருந்தாங்க.

அப்புறம் சொருக ஆரம்பிச்சேன். இந்த நாக்கு இந்தக் குழிக்குப் போகல. அந்தக் குழிக்கும் போகல. இன்னொண்ணுல லொடலொடன்னு ஆடுது. ஒண்ணு பாதி போய் நின்னுச்சு, வெளிய இழுத்தா வரல. கால் இடுக்கில வெச்சு இழுத்தேன். வந்துச்சு, நானும் சேர்ந்து பின்னாடி போய் மிஷின்ல இடிச்சேன். ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவங்க கூட பத்துப் பொருத்தத்துல ஆறு இருந்தா போதும்னு விட்டுடுவாங்க. இங்க ஒண்ணு தப்பினாலும் மேஜை கிடையாது.

ஒன்பதரைக்குப் பதினாறுல ரெண்டு ஜோடி சேர்ந்திருந்துச்சு. அதுல ஒண்ணு சந்தேகம்.

அம்மா வாசப்படியில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. விஷயம் அவங்களுக்கு அப்பதான் புரிஞ்சுது.

"அந்தக் கிறுக்கல்தான் அடையாளமாடா?"

"ஆமாம்மா."

"ஏன்டா சொல்லல?"

"பரவாயில்லம்மா, ஆயிடும்"னு சொன்னேன். ஆகும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. அம்மாவுக்கும் இல்லன்னு தெரிஞ்சுது.

பத்தே காலுக்கு பத்மா டீச்சர் வந்துட்டாங்க. சேலையூர்ல ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. கையில மஞ்சப் பையில அளவுக்கு ஒரு பழைய ப்ளவுஸ், பட்டுத்துணி. பொண்ணு நிச்சயதார்த்தத்துக்குப் போட்டுக்கப் போற ப்ளவுஸுக்கு. மூக்குக்கண்ணாடியை இறக்கி வெச்சுக்கிட்டு என்னையும் தரையில கிடந்த கட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாங்க.

"இதுவா சார் மேஜை? ஃபேஸ்புக்ல பார்க்கும்போது வேற மாதிரி இருந்துச்சே."

"ஆயிட்டே இருக்கு டீச்சர்."

"எனக்கு அவசரமில்ல. நல்ல நேரத்துக்குத்தான் அவசரம்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. பரீட்சை ஹால்ல உக்கார்ற மாதிரியே உக்காந்தாங்க.

விஜி அடுப்படியிலேர்ந்து வந்தா. பாயை எடுத்து விரிக்கப் போறான்னு நினைச்சேன். அந்தப் பாயைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்ல. ஆனா அவ தரையில கிடந்த ஒரு காலை எடுத்துக் குழியைப் பார்த்தா. அப்புறம் ஒரு சட்டத்தை எடுத்து நாக்கைப் பார்த்தா. திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"இது கைக்குழியில கையை வெச்சுத் தைக்கிறது மாதிரிதானே?"

"என்னது?"

"ப்ளவுஸ்ல. ஒவ்வொருத்தர் கைக்குழியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். நான் என்ன நாப்பது கையையும் நாப்பது குழியிலயும் வெச்சுப் பார்த்துக்கிட்டா இருக்கேன்? பேப்பர்ல வெட்டி வெச்சுக்குவேன். அந்த பழைய நியூஸ்பேப்பரை எடுங்க."

எடுத்தேன். அவ குழி மேல பேப்பரை வெச்சு அமுக்கிப் புடிச்சா. துணியில கோடு போடற சாக்கைப் படுக்க வெச்சு மேல தேய்ச்சா. குழியோட ஓரம் அப்படியே பேப்பர்ல விழுந்துச்சு! கோணல், மாணல், நாலு திசை பார்க்கிற மூலை எல்லாம் அச்சு அசலா.

நான் அவசரமா கத்தரிக்கோலை எடுத்து நீட்டினேன்.

"ஐயோ, அது துணிக் கத்தரி! பேப்பர் வெட்டினா மொன்னை ஆயிடும். இன்னைக்கு அதுல முதல்ல பட்டுதான் வெட்டணும். பால் பாக்கெட் கத்தரியைக் கொண்டாங்க!"

கொண்டு வந்தேன். அவ கோட்டு மேலயே வெட்டினா. அந்தப் பேப்பர் துண்டைக் கையில வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு நாக்கோட நுனியிலயும் வெச்சுப் பார்த்தா. நாலாவது நாக்குல பேப்பரும் மரமும் அப்படியே ஒட்டிக்கிச்சு.

"இது இதோட. அடிச்சுப் பாருங்க."

தட்டினேன். போச்சு!

டீச்சர் ஸ்டூலை முன்னாடி நகர்த்திக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் என் வேலை பேப்பரை அமுக்கிப் புடிக்கறது. விஜி தேய்ப்பா, வெட்டுவா, பொருத்துவா. நான் பென்சிலைத் தேடினேன், நம்பர் போடலாம்னு. என்னை ஒரு பார்வை பார்த்தா.

"மறுபடியும் பென்சிலா? சாக் அழியும்னுதான் நாங்க துணி ஓரத்துல கத்தரியால குட்டியா ஒரு வெட்டு வைப்போம். முன் பக்கத்துக்கு ஒண்ணு, பின் பக்கத்துக்கு ரெண்டு. உங்களுக்கு உளி இருக்கே, வெட்டுங்க. எந்த நார் போட்டாலும் போகாது."

அம்மா வாசப்படியிலேர்ந்து, "நான் இனிமே தொடவே மாட்டேன்மா"ன்னாங்க.

"உங்களை சொல்லலத்தே."

எனக்குப் புரிஞ்சுது, யாரை சொன்னான்னு. வெட்டினேன். ஒரு வெட்டு, ரெண்டு வெட்டு, மூணு வெட்டு. பதினொன்னு அஞ்சுக்குப் பதினாறு ஜோடியும் சேர்ந்தாச்சு.

எல்லாத்தையும் சொருகினோம். பதினைஞ்சு நாக்கு போச்சு. பதினாறாவது நாக்கு முக்கால்வாசி போய் நின்னுடுச்சு. தண்ணி குடிச்சு உப்பிப் போயிருந்துச்சு. கொட்டாப்புளியால அடிச்சேன். நகரல. இன்னும் பலமா அடிச்சேன். கொட்டாப்புளி தலை கழண்டு டீச்சர் காலடியில போய் விழுந்துச்சு.

"பதினொன்னு இருபது,"ன்னாங்க டீச்சர், காலை மட்டும் தூக்கிக்கிட்டு.

சீவி எடுக்கலாம்னு உளியை எடுத்தேன். சீவினா லொடலொடன்னு ஆயிடுமோன்னு பயம். சீவலன்னா மேஜை இல்ல. அப்படியே நின்னேன். அம்மா விடுவிடுன்னு உள்ள போய், கையில துணி சோப்போட வந்தாங்க.

"இதைத் தடவிப் பாரு. என் வளையல் கழலலன்னா இதைத்தான் போடுவேன்."

நாக்கை வெளிய இழுத்து, சுத்திலும் சோப்பைத் தேய்ச்சு, திரும்ப வெச்சு, ஒரு செங்கல்லைத் துணியில சுத்தி ஒரே அடி. சர்ருனு உள்ள போயிடுச்சு! அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. யாருக்குன்னு தெரியல, சோப்புக்கா சாமிக்கா.

அப்புறம் ஆப்பு. பதினாறு ஆப்பு. விஜி ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்க, நான் செங்கல்லால அடிச்சேன். மேல ப்ளைவுட் பலகையைத் தூக்கி வெச்சோம். சட்டத்துக்குள்ள கச்சிதமா உக்கார்ற மாதிரி அடியில கட்டை வெச்சு ப்ளைவுட் கடையிலயே செஞ்சு குடுத்திருந்தாங்க. அதுல ஆணி இருக்கா இல்லையான்னு நான் இன்னைக்கு வரைக்கும் கேக்கல.

பதினொன்னு நாப்பது. விஜி புது மேஜை மேல பட்டுத்துணியை விரிச்சா. சாக் எடுத்துக் கோடு போட்டா. துணிக் கத்தரியை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு, முதல் வெட்டு வெட்டினா. நின்னுக்கிட்டே! குனியல, முட்டி போடல. அவ நேரா நின்னு துணி வெட்டி நான் பார்த்ததே இல்ல. போனை எடுக்கணும்னு கூட எனக்குத் தோணல.

மேஜை அசையல. டீச்சர் ரெண்டு கையையும் ஊணி அழுத்திப் பார்த்தாங்க. கீழ குனிஞ்சு ஒவ்வொரு மூலையா பார்த்தாங்க.

"ஆணியே இல்ல! யார் செஞ்சது?"

"என் புள்ளை!"ன்னாங்க அம்மா, ஒரு நொடி கூட யோசிக்காம.

டீச்சர் என்னைப் பார்த்தாங்க. கையில செங்கல்லோட நின்னுக்கிட்டிருந்தேன். அப்புறம் தரையில கிடந்த பதினாறு பேப்பர் துண்டைப் பார்த்தாங்க. கண்ணாடியை ஏத்தி வெச்சுக்கிட்டு விஜி பக்கம் திரும்பினாங்க.

"எனக்கும் வீட்டுல எழுத ஒரு மேஜை வேணும் விஜி. இதே மாதிரி. செஞ்சு தர முடியுமா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, விஜி வெட்டறதை நிறுத்தாமலே சொன்னா:

"தீபாவளி கழிச்சு தரேன் டீச்சர். அளவுக்குப் பழைய மேஜை ஏதாவது இருந்தா குடுத்து அனுப்புங்க."